நாலாம் நிமிஷத்து மணி

ஆரோக்கியசாமி அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது எங்கள் கல்லூரிப் பேருந்து ஆர்.எஸ்.புரத்தில் நின்றுகொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் நான். "தம்பி, உங்கண்ணன் காப்பி கேட்டாருங்க. கொண்டுக்கிட்டு வாரதுக்குள்ள போயிட்டாருங்க" என்றார் போனில் அவர் மனைவி லூர்து அண்ணி. கல்லூரி முதல்வருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த கை இது. அன்று சாவியைத் திருப்ப மாட்டேன் என்றது. விஷயத்தைச் சொன்னதும் பேருந்தில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அழுதார்கள். காதில் இயர்போன் மாட்டியிருந்த இரண்டு பேரை மட்டும் நான் சேர்க்கவில்லை.

அண்ணனை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கல்லூரி செமினார் ஹாலின் அட்டெண்டர் அவர். மைக், புரொஜக்டர், ஏ.சி. எல்லாம் அவர் கையில். இறுதியாண்டுப் பிள்ளைகள் தங்கள் புராஜெக்டை அந்த மேடையில்தான் விளக்கிச் சொல்ல வேண்டும். ஆளுக்குப் பத்து நிமிஷம். முடிந்ததும் அண்ணன் மணி அடிப்பார். ஓட்டல் கல்லாவில் இருக்குமே, தலையில் தட்டினால் 'டிங்' என்னும் பித்தளை மணி, அது. கல்லூரி வாங்கித் தராததால் அவரே வாங்கி வைத்தார்.

காலை டிரிப்புக்கும் மாலை டிரிப்புக்கும் நடுவில் நான் அந்த ஹாலின் கடைசி வரிசையில், ஏ.சி.க்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பேன். படிப்பு எனக்கு எட்டாவது, அண்ணனுக்குப் பத்தாவது. "நாம ரெண்டு பேரும் கேட்டதுக்கு டாக்டர் பட்டமே குடுத்துப்போடலாமுங்க தம்பி" என்பார். எனக்கு இரண்டு கொடுக்கலாம். அது வேறு விஷயம்.

அங்கே ஒரு துறைத் தலைவர் இருக்கிறார். பெயரை எழுதப் போவதில்லை. நான் இதை எழுதும் எங்கள் ஊழியர் சங்க மலர் அவர் மேசைக்கும் போகும், படித்துக்கொள்ளட்டும். அவருக்குப் பிடிக்காத பிள்ளை மேடையேறினால், முன்வரிசையில் இருந்தபடியே ஆள்காட்டி விரலை லேசாகத் தூக்குவார். கடிகாரம் எதைக் காட்டினாலும் அண்ணன் உடனே மணி அடித்தாக வேண்டும். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்குத்தான் அந்த விரல் அதிகம் எழும். இங்கிலீஷில் வெளுத்து வாங்குகிறவர்களுக்குப் பதினைந்து நிமிஷமானாலும் எழாது.

என் அக்கா மகள் கவிதா அங்கேதான் படித்தாள். ஊர் தொண்டாமுத்தூர். யானை வாழைத்தோட்டத்துக்குள் கால் வைக்கும் முன்பே மண்ணின் அதிர்வைப் பிடித்து அலறும் ஒரு கருவியைச் செய்திருந்தாள். முதல் ரிவ்யூவில் அவள் பேச ஆரம்பித்த நாலாவது நிமிஷம் விரல் எழுந்தது. அண்ணன் அடித்தார்.

"யானைக் கதை சொல்றதுக்கு எதுக்கும்மா இன்ஜினியரிங்? தோட்டத்துலயே இருந்திருக்கலாமே. ஃபைனல்லயும் இதே லட்சணம்னா டிகிரியை மறந்துடு" என்றார் அந்த மனிதர். ஹாலே சிரித்தது.

கவிதா என் பேருந்தில் வந்து உட்கார்ந்து அழுதாள். பின்னாலேயே அண்ணன் வந்து படியில் நின்றார்.

"அம்மணி, உன்னய உக்கார வெச்சது அவரு விரலு இல்ல. என்ற கைதான். அந்த ஆளுக்கு இந்தக் கை ஒரு பதில் சொல்லியே தீரும், பாத்துக்க."

அதன்பிறகு இரண்டு மாதம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் ஹாலைத் திறந்துவிடுவார். கவிதா மேடையில் பேசுவாள். எதிரே நாங்கள் இருவரும் டிபன் பாக்ஸோடு. முதலில் இங்கிலீஷில் ஆரம்பித்துத் திக்கினாள். "அம்மணி, யானை வந்துபோட்டா உங்கப்பனை இங்கிலீசுலயா கூப்புடுவ?" என்று அண்ணன் கேட்ட நாள் முதல் தமிழுக்கு மாறினாள். பிறகு திக்கவேயில்லை.

யானையாக நடித்தது நான். மேடையில் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தால் கருவி அலறும். "தம்பி, மருதமலைப் பக்கம் போயிராதீங்க. பாரஸ்ட்டுக்காரங்க லாரியில ஏத்திக்கிட்டுப் போயிருவாங்க" என்பார் அண்ணன். அந்தக் கருவி என் யோசனையால்தான் உருப்பட்டது என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். வேறு யாராவது சொன்னால் மறுக்கவும் மாட்டேன்.

இறுதி நாள் வந்தது. ஹாலில் ஐந்நூறு பேர். அறுபது நாற்காலிதானே என்பார்கள் சிலர். நின்றவர்களை அவர்கள் எண்ணவில்லை. வெளிக் கல்லூரியிலிருந்து தேர்வாளராக ஒரு அம்மையார் வந்திருந்தார். அவர் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே துறைத் தலைவர் மைக்கில் சொன்னார்: "பத்து நிமிஷம். எல்லாருக்கும் ஒரே நியாயம்."

கவிதா பேசினாள். நாலாவது நிமிஷம் விரல் எழுந்தது. அண்ணனின் கை மணிக்கு மேலே நின்றது, இறங்கவில்லை. விரல் மறுபடியும் எழுந்தது. அண்ணன் இரண்டாவது மைக்கை எடுத்தார்.

"ஐயா, நாலு நிமிஷந்தானுங்க ஆச்சு. நீங்க விரலைத் தூக்கறீங்க. இப்பவே அடிச்சுப்போடட்டுங்களா? இல்ல, மத்தவங்களுக்கு மாதிரி பத்து நிமிஷம் உடட்டுங்களா?"

அவர் குரலில் மரியாதை ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. அம்மையார் திரும்பிப் பார்த்தார். விரல் இன்னும் மேலேதான் இருந்தது. அதை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் அந்த மனிதர் காதைச் சொறிந்தார். பத்து நிமிஷம் சொறிந்தார் என்று சத்தியம் செய்ய நான் தயார்.

"நீ பேசும்மா" என்றார் அம்மையார். கவிதா முடித்ததும், "சரி, மாடு வந்தாலும் இது கத்துமா?" என்று கேட்டார்.

"மாடு நடந்தாக் கத்தாதுங்க மேடம். எங்க மாமா குதிச்சாக் கத்துமுங்க."

மறுபடியும் ஹாலே சிரித்தது. இந்தத் தடவை எங்கள் பக்கம் நின்று சிரித்தது. சரியாகப் பத்தாவது நிமிஷம் அண்ணன் மணி அடித்தார். கவிதாவுக்குத்தான் துறையிலேயே முதல் மதிப்பெண். கோவை ஜில்லாவிலேயே முதல் என்று நான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன்.

மறுவாரம் அண்ணனை டூவீலர் ஸ்டாண்டுக்கு மாற்றினார்கள். மொட்டை வெயில், கூரை கிடையாது. உத்தரவைக் கையில் கொடுத்தவர் அந்தத் துறைத் தலைவரேதான். அண்ணன் கும்பிட்டு வாங்கிக்கொண்டு, மணியை எடுத்துப் பையில் போட்டார். "வேலை உங்களுதுங்க ஐயா. மணி என்றதுங்க."

இரண்டு வருஷம் அந்த வெயிலில் நின்றார். ரிவ்யூ நாட்களில் மாலையில் என் பேருந்தை நிறுத்தி ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "தம்பி, அந்த விரலு எந்திரிச்சுதுங்களா?" எழவில்லை. அன்றோடு சரி. "அது போதுமுங்க" என்பார்.

எனக்குப் போதவில்லை.

அடக்கம் முடிந்த அன்று அண்ணி அந்த மணியை என்னிடம் தந்தார். இரங்கல் கூட்டம் அதே ஹாலில். படத்துக்கு முன்னால் வைக்கலாம் என்று சட்டைப் பையில் கொண்டுபோயிருந்தேன். முன்வரிசையில் அண்ணி, பக்கத்தில், வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்த கவிதா. யாரும் கூப்பிடாமலே அந்தத் துறைத் தலைவர் கறுப்பு பேட்ஜோடு மேடையேறினார். "ஆரோக்கியசாமி எனக்குக் கூடப்பிறக்காத தம்பி. அந்த மணியை வாங்கித் தந்ததே நான்தான்" என்றார். அங்கிருந்து அவர் பேச்சு நேராகத் தன் சிங்கப்பூர் பயணக் கதைக்குத் தாவியது.

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பையிலிருந்து மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். அவர் பேச ஆரம்பித்து நாலு நிமிஷம் ஆனதும் ஓங்கி ஒரு தட்டு. டிங்! உக்கடம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஐயா, நாலு நிமிஷம் ஆச்சுங்க" என்றேன்.

ஹாலில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அவரையே பார்த்தார்கள். பாதி வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டே அவர் இறங்கி, பக்கக் கதவு வழியாகப் போனார். நான் மணியை அண்ணன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத் திரும்பினேன். அண்ணி கையசைத்துக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்துக் குனிந்தேன்.

"தம்பி, இன்னொருக்கா அடிச்சிருக்கலாமுங்க" என்றார் அண்ணி, காதோடு.

அண்ணா, அந்த இன்னொரு தடவையை இதோ இந்த மலரில் அடித்திருக்கிறேன். எத்தனை பேர் கையில் இது போகுமோ அத்தனை இடத்திலும் கேட்கட்டும். இனி நீங்கள் கடிகாரம் பார்க்க வேண்டாம், வெயிலில் நிற்கவும் வேண்டாம். போய் நிழலில் உட்காருங்கள்.