மடிக்காத இலை

"அக்கா, இலைய எடுக்கட்டுமா? ஆளுங்க வெயிட் பண்றாங்க லா."

ஜொகூர் பாருவில் மதியச் சாப்பாட்டுக் கடை. பரிமாறும் பெண் கேட்டபோது என் இலையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. சிறு வயதில் லாபிஸ் ஊர்க் கோயில் மண்டபத்தில் குடித்த ரசத்தின் வாசனை மூக்கில் ஏறியது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. உணவுக்குழாய் வயிற்றோடு சேராமல் பிறந்தவள் நான். மூன்றாம் நாளே அறுத்துத் தைத்தார்கள். தைத்த இடத்தில் சோறு இன்றைக்கும் கொஞ்சம் நின்றுதான் இறங்கும். நடுவில் நாய் குரைப்பதுபோல் இருமல் வரும்.

அன்று அந்த மண்டபத்தில் சித்தப்பா கல்யாணம். "இவளுக்குப் பின்னால கஞ்சி வெச்சிருக்கேன். பந்தியில இருமுனா மத்தவங்க எப்படிச் சாப்புடுவாங்க?" என்றார் பெரியம்மா.

நான் போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வாய்க்கு வாய் ஒரு மடக்கு ரசம். இருமினேன், சாப்பிட்டேன். வரிசையில் எல்லாரும் இலையை மடித்துவிட்டு, எழுந்திருக்காமல் எனக்காகக் காத்திருந்தார்கள். நாற்காலிகளுக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் நின்றார்கள்.

பெரியம்மா வந்து என் இலையை அப்பளத்தோடு மடித்தார். நான் திறந்தேன். மறுபடியும் மடித்தார். அப்பா பரிமாறுபவரைக் கைகாட்டி அழைத்தார். மடித்திருந்த தன் இலையை விரித்தார்.

"தம்பி, இங்க சோறு போடுங்க. நாங்க ரெண்டு பேரும் இன்னும் முடிக்கல."

இங்கே கடையில், பரிமாறும் பெண்ணின் கை என் இலை ஓரத்துக்கு வந்துவிட்டது. நான் தண்ணீர்க் குவளையைத் தூக்கி அந்த ஓரத்தில் வைத்தேன்.

"ரசம் கொண்டாங்கம்மா. சோறும் போடுங்க. நான் இன்னும் முடிக்கல."