பெருமாள் இல்லாத மலைக்கு ஒரு கையெழுத்து

எங்கள் வீட்டுக் கூடத்தில் இப்போது பதினோரு செம்புகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றுகூட எங்களுடையது இல்லை!

விஷயம் இதுதான். என் பெண் வைதேகி காலேஜில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். இமயமலையில் ஒரு மாதம் மலையேற்றப் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பாறையில் கயிறு கட்டி ஏறுவது, பனியில் நடப்பது... இப்படி. கூடவே அச்சடித்த சம்மதப் பாரம் ஒன்று வந்தது. பெண்ணுக்கு எது நேர்ந்தாலும் நானே பொறுப்பு என்று அப்பா கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள்.

என் மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள்.

“ஏன்னா, அந்த மலை மேல எந்தப் பெருமாள் எழுந்தருளியிருக்கார்?”

“யாரும் இல்லை.”

“அப்போ எதுக்கு ஏறணும்?”

உங்களுக்குத் தெரியுமா? நாமெல்லாம் எதற்கு மலை ஏறுகிறோம்? உச்சிப்பிள்ளையாரைப் பார்க்க, ஏழுமலையானைச் சேவிக்க. மேலே ஒருவருமே காத்திருக்காத மலையில் ஏறிய ஆசாமி நம் வம்சத்தில் உண்டா?

மறுநாள் என் மனைவி தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். பெண் பத்ரிநாத்துக்குப் பெருமாளைச் சேவிக்கப் போகிறாள் என்று உத்தர வீதி முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? வடக்கே யார் கிளம்பினாலும் கங்கைத் தீர்த்தத்துக்குச் செம்பு கொடுத்தனுப்புவது ஸ்ரீரங்கத்து வழக்கமாயிற்றே!

“மறக்காம செம்பு வாயை ஈயம் வெச்சு அடைச்சுண்டு வரச் சொல்லுங்கோ. வழியில சிந்திடப் போறது” என்றார் எதிர்வீட்டு மாமி. தலையாட்டி வாங்கி வைத்தேன்.

“கயித்துல தொங்கறச்சே இதையெல்லாம் எங்கேப்பா கட்டிக்கறது?” என்றாள் வைதேகி. நியாயமான கேள்வி.

குழம்பிப்போய், சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் பெரியசாமியிடம் போனேன். முசிறிக்காரர். என் வயதுதான். இரண்டாவது உலக யுத்தத்தின்போது பட்டாளத்தில் இருந்தவர், இத்தாலி தேசத்து மலைகளில் ஏறியவர். எனக்குத் தெரிந்து சாமி கும்பிடப் போகாமல் மலை ஏறிய ஒரே மனிதர்.

“கயிறு தாங்குமா?” என்றேன், எடுத்த எடுப்பிலேயே.

அவர் உத்திரத்தைக் காட்டினார். ஒரே கயிற்றில் நாலு வாழைத்தார் தொங்கிக்கொண்டிருந்தன.

“நைலான் சார். பட்டாளத்துக் கயிறு. யானையைக் கட்டினாலும் தாங்கும்.”

அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விவரம் புரிந்தது. நைலான் கயிறு, பாறையில் அடிக்கிற முளை, கயிற்றை மாட்டுகிற வளையம், வழுக்காத ரப்பர் அடி பூட்ஸ் — எல்லாவற்றையும் மலையில் சண்டை போடுகிற பட்டாளத்துக்காகக் குவியல் குவியலாகச் செய்தார்களாம். சண்டை முடிந்ததும் மிச்சத்தை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்களாம். மலை ஏறும் பைத்தியங்கள் அள்ளிக்கொண்டார்களாம். சிப்பாய்களுக்கு ஏறக் கற்றுக்கொடுத்தவர்களே பிறகு காலேஜ் பிள்ளைகளுக்கு வாத்தியார்களாகவும் ஆனார்களாம்.

ஆக, ஆளைக் கொல்லப் போனவர்களுக்காகப் பிறந்த கயிறு, என் பெண்ணை விளையாட்டாக மேலே ஏற்றப் போகிறது... இதற்குச் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா?

“முதல்ல சணல் கயிறுதாங்க கொடுத்தாங்க” என்றார் பெரியசாமி. “மழையில ஊறி விறைச்சுப் போயிடும். ஒரு நாள் பாறையில உரசி அறுந்துடுச்சு. துறையூர்க்காரன் ஒருத்தன்... எனக்கு முன்னால ஏறினவன். ரெண்டு மாசம் கழிச்சுத்தான் நைலான் வந்துச்சு.”

நான் பையிலிருந்து பாரத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

“அப்போ அனுப்ப வேண்டாம்னு சொல்றீங்களா?”

“நான் எங்க சார் அப்படிச் சொன்னேன்? எங்களை மேலேருந்து சுட்டாங்க. பயந்து திரும்பினா கோர்ட் மார்ஷல். பாப்பாவுக்கு என்னங்க? முடியலைன்னா ‘போதும்’னு பாதியிலயே இறங்கிடலாம். எங்களுக்கு அந்த ஒரு வார்த்தை சொல்ல வழி இல்லீங்க.”

பாரத்தை வாங்கிப் பார்த்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

“அப்பா கையெழுத்தெல்லாம் கேட்கிறாங்களா?” என்று சிரித்தார். “எங்கப்பாகிட்ட யாரும் கேட்கலைங்க.”

அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வைதேகியைக் கூப்பிட்டேன்.

“பயமா இருந்தா பாதியில இறங்கிடுவியா?”

“கண்டிப்பா இறங்கிடுவேன்ப்பா.”

பச்சைப் பொய். இறங்க மாட்டாள், அவள் அம்மாவின் பிடிவாதம் அப்படியே இருக்கிறது. தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். குழப்பம் தீர்ந்துவிட்டதா என்கிறீர்களா? எங்கே தீர்ந்தது!

அந்தக் கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை... பாங்கில் கொடுத்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.