கறுப்பு நூல் கட்டிய செட்

என் தலையில் ஒருவன் மிளகாய் அரைத்தான். அது பெரிதில்லை. அந்த மிளகாயை நானே காம்பு கிள்ளி அவன் கையில் கொடுத்தேன் என்பதுதான் இன்றைக்கும் வயிற்றை எரிக்கிறது.

ஏற்காட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் எனக்கு எலக்ட்ரிக் கடை. ஒயர், பல்பு, ஸ்விட்ச், எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுவது. சேலத்திலிருந்து மேலே வந்து கடை போட்ட குடும்பம். ஊரில் எல்லோருக்கும் நான் பாய். பிழைப்பு இது என்றாலும் பைத்தியம் வேறு. பழைய பட்டாளத்து வயர்லெஸ் செட்டுகள். போர்க்காலத்தில் லாரியிலும் ஆள் முதுகிலும் ஏறிப் போன பச்சை இரும்புப் பெட்டிகள். எஸ்டேட் பங்களாக்களைக் காலி செய்யும்போது பரணிலிருந்து ஒன்றிரண்டு இறங்கும். மிச்சம் ஏலத்தில் போய்ப் பழைய இரும்புக் கடைகளில் கிடக்கும். தேடிப் பிடித்து, துடைத்து, எந்த நாட்டில் செய்தது, எதற்காகச் செய்தது, எந்தப் பாகம் பிறந்தபோதே இருந்தது, எது பிற்பாடு மாட்டியது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. என் மனைவிக்கு இதெல்லாம் பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டிய தகரம்.

இந்தப் பைத்தியத்தில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். பக்கத்து ஊர் வெள்ளக்கடையில் காப்பி, மிளகு, ஆரஞ்சு என்று சொந்தக் காடு வைத்திருப்பவன். மருந்தடிக்கும் மிஷினைச் சரிபார்க்க என் கடைக்கு வந்தவன், மேசைமேல் திறந்து கிடந்த செட்டைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு மிஷினை மறந்து கடையிலேயே விட்டுவிட்டுப் போனான். எனக்கும் அவனுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. நான் அவனை மாப்ள என்பேன். அவன் என்னை ஏனுங்க பாய் என்பான். ஜும்மா தொழுதுவிட்டு நான் வரும்போது கடை வாசலில் அவன் வண்டி நிற்கும். அவன் பொண்ணு கல்யாணத்தில் மொய் எழுத உட்கார்ந்தது நான். அவ்வளவு நெருக்கம்.

எங்கள் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒரு செட்டைக் கொண்டுவருகிறவன் அதை மேசைமேல் வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். என்ன செட், எங்கே கிடைத்தது, எதுவும் சொல்லக் கூடாது. பார்க்கிறவன் மூடியைத் திறந்து, கண்ணில் படும் குற்றத்தையெல்லாம் உரக்கச் சொல்ல வேண்டும். இதைச் செட் படிப்பது என்போம். குற்றத்தை மனசுக்குள் வைத்துக்கொள்பவனை யாரும் மதிப்பதில்லை. ஒரேயடியாக மட்டம் தட்டுகிறவனையும் நம்புவதில்லை. செட்டை அமுக்கப் பார்க்கிறான் என்று சொல்லிவிடுவார்கள். கைமாறுவதும் எங்களுக்குள் பெரும்பாலும் செட்டுக்குச் செட்தான்.

படிப்பதில் எனக்குக் கொஞ்சம் பேர் இருந்தது. ஈரோடு, கோயம்புத்தூர், பெங்களூர் என்று போட்டோ அனுப்பிக் கேட்பார்கள். பாய் சரி என்றால் சரி. அந்தப் பேரைத் தவிர இந்தப் பைத்தியத்தில் நான் சம்பாதித்தது ஒன்றுமில்லை.

மாப்ள கொண்டுவந்த செட்டுகளை நான் கிழி கிழி என்று கிழித்திருக்கிறேன். "என்னய்யா இது, ஸ்டார் தலை ஸ்க்ரூ? அந்தக் காலத்துல ஒத்தைக் கோடுதான். இந்த ஒயரைப் பாரு, பிளாஸ்டிக். துணி சுத்தின ஒயரு இருக்கணும். பெயிண்டைச் சுரண்டிப் பாரு, கீழ இன்னொரு நெறம் தெரியணும். தூசியப் பாரு, எல்லா எடத்துலயும் பவுடர் அடிச்சாப்பல கெடக்குது! மூடின பெட்டிக்குள்ள தூசி அடியிலதான்யா உக்காரும்." அவன் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பான். மறுபடி கேட்பான். நல்ல பையன், கற்றுக்கொள்கிறான் என்று எனக்குப் பெருமை. எருமை மாட்டுப் பெருமை!

ஒரு குறிப்பிட்ட செட்டின்மேல் எனக்குத் தீராத ஆசை. அதன் நம்பரை எழுத மாட்டேன். எழுதினால் இந்த வட்டாரத்தில் யார் எவர் என்று தெரிந்துவிடும். முதுகில் சுமக்கும் சின்ன செட், அதிகம் செய்யவில்லை, செய்ததிலும் பாதி மிஞ்சவில்லை. வாழ்நாளில் ஒன்றைத்தான் கண்ணால் பார்த்திருந்தேன். ஒரு எஸ்டேட் பங்களாவில், குளிர்காயும் கணப்புக்கு மேலே பலகையில் அலங்காரத்துக்கு வைத்திருந்தார்கள். கொடுக்க மாட்டேன் என்றார்கள். திறந்து பார்க்க மட்டும் விட்டார்கள். உள்ளே ஒயர்களைக் கற்றையாகச் சேர்த்து மெழுகு நூலால் முடிச்சுப் போட்டிருந்தது. மற்ற செட்டுகளில் அந்த நூல் வெளிறிய மஞ்சள், இதில் கன்னங்கரேல். அதுதான் இந்த செட்டின் அடையாளம் என்று முடிவு கட்டினேன். இந்த ரகசியத்தை ஒருத்தரிடம் மட்டும் சொன்னேன். "மாப்ள, எங்கயாச்சும் மாட்டுச்சுன்னா மொதல்ல நூலைப் பாரு. வெளுப்பா இருந்தா எந்திரிச்சு வந்துரு."

போன மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சாக்கு சுற்றிய பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். வழக்கப்படி வாயைத் திறக்கவில்லை. சாக்கை விலக்கினேன். யா அல்லாஹ்! அதே செட்.

சும்மா விடுவேனா? கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அங்குலம் அங்குலமாகப் படித்தேன். ஒத்தைக் கோடு ஸ்க்ரூ. துணி ஒயர். பச்சைப் பெயிண்டுக்குக் கீழே பழுப்பு. தூசி அடித்தட்டில் மட்டும். கடைசியில் டார்ச்சை உள்ளே அடித்தேன். நூல் கறுப்பு. "சரியான சரக்கு மாப்ள!" என்று அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவனுக்குக் கண் கலங்கியது. எனக்காகக் கலங்குகிறான் என்று நினைத்தேன்.

பதிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதும் பின்கழுத்தைச் சொறிந்தான். "உங்க ஊட்டு ரிசீவரைத் தர முடியுங்களா பாய்?" கொடுத்தேன். பல வருஷம் விடிகாலை சுபுஹு தொழுததும் நான் உட்கார்ந்து ரேடியோ கேட்ட பழைய பட்டாளத்து ரிசீவர் அது. வால்வு சூட்டில் அதன் மூடி வெதுவெதுவென்று இருக்கும். குளிர்காலத்தில் என் மனைவி அதன்மேல் ஈரத் துண்டைக் காயப் போடுவாள், நான் கத்துவேன். அது போன மறுநாள் அவள் சொன்னாள்: "காலைல ஊடே ஊமையாட்டம் இருக்குதுங்க." புது செட்டை ஹாலில் வைத்துப் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். வாழ்த்து குவிந்தது.

சில மாதங்கள் கழித்து, பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வீடியோ அழைப்பில் வந்தார். அவருக்குத் தெரிந்தவர் வீட்டில் அதே செட் ஒன்று, பிரிக்காத மரப்பெட்டியோடு கிடைத்திருந்தது. உள்ளே காட்டினார். நூல் வெளிறிய மஞ்சள்.

"யாரோ மாத்திக் கட்டியிருக்காங்க சார், கறுப்புல்ல இருக்கணும்" என்றேன்.

அவர் சிரித்தார். "மெழுகுல முக்குன வெள்ளை நூல்தாங்க. நானே இந்தக் கையால எத்தனை கட்டியிருக்கேன். கறுப்பை எங்க பார்த்தீங்க?"

கணப்புக்கு மேலே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்வதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. புகை. பங்களாவில் வருஷக்கணக்காகக் கட்டை எரிந்த புகை மெழுகில் ஒட்டி நூலைக் கறுப்பாக்கியிருக்கிறது. இத்தனை காலம் கரியைப் பார்த்து அடையாளம் என்று உளறிக்கொண்டிருந்தேன். அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே நின்றது. அப்படியானால் என் வீட்டு ஹாலில் இருக்கும் செட்டில் நூல் ஏன் கறுப்பு?

மூடியைத் திறந்து ஒரு முடிச்சை அவிழ்த்தேன். புகை படிந்த நூல் என்றால் முடிச்சுக்குள் வெளுப்பாக இருக்க வேண்டும். இது உள்ளேயும் கறுப்பு. பிரித்துப் பார்த்தால், செருப்பு தைக்கிற நூல். உலகத்தில் எந்த பாக்டரியும் இந்தத் தப்பைச் செய்திருக்காது. என் பேச்சைக் கேட்டவன் ஒருவன்தான் செய்திருக்க முடியும்.

மறுநாள் வெள்ளக்கடைக்கு வண்டியை விட்டேன். களத்தில் காப்பிக்கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தான். "வாங்க பாய், என்னுங்க இந்நேரத்துல?" என்றான். நூலைக் கொட்டைமேல் வீசினேன். குனிந்து எடுத்து, விரலில் உருட்டிப் பார்த்தான்.

"நூல் சரியில்லீங்களா?" என்று கேட்டான்.

அதைத்தான் கேட்டான்! மன்னிப்பில்லை, மழுப்பல்கூட இல்லை. வேலையில் எங்கே பிசகியது என்று கேட்கிறான்.

"அடப்பாவி, நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டியேடா! எனக்கே போலியைக் கொடுத்தியா?"

"ஏனுங்க பாய், ஒரிஜினல்னு நா எப்பவாச்சும் சொன்னனுங்களா? சாக்கை அவுத்ததுலேருந்து நா வாயே தொறக்கல. சரியான சரக்குன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

வழக்கம் அப்படித்தானே! அவன் கை காட்டிய பக்கம் ஷெட்டுக்குள் போனேன். மருந்து மிஷினுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் வெற்றுப் பெட்டிகள், பாதி பெயிண்ட் அடித்த முகப்புகள், டப்பா நிறையப் பழைய ஸ்க்ரூ. காப்பித் தொலியைச் சலித்து எடுத்த மாவு ஒரு கிண்ணத்தில். அதுதான் நான் பார்த்த தூசி. நான் சொன்ன ஒவ்வொரு குற்றத்துக்கும் அங்கே ஒரு மருந்து இருந்தது.

"இன்னும் யாருக்குக் கொடுத்த?"

"மூணு பேருக்குங்க. அவுங்க உங்களுக்குத்தான் போட்டோ அனுப்பிக் கேட்டாங்க. நீங்க சரின்னதும் எடுத்துக்கிட்டாங்க."

"ஏன்டா?"

"கை பழகிப்போச்சுங்க. நீங்க குத்தமே சொல்லாம மூடுறப்ப நொம்ப சந்தோசமா இருக்குமுங்க." ரிசீவரைக் கேட்டேன். பெங்களூர்க்காரர் ஒருவர் கொண்டுபோய்விட்டாராம்.

அடிக்கக் கை ஓங்கினேன். அவன் மனைவி தண்ணீர்ச் சொம்போடு, "வாங்கண்ணா, ஊட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்று வந்து நின்றாள். கையை இறக்கிச் சொம்பை வாங்கிக்கொண்டேன். குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

வீட்டில் மனைவி சொன்னாள்: "பேசாம உடுங்க. நீங்களா சொன்னாத்தான் தெரியப்போவுது." அவள் சொன்னதும் சரிதான். என் ஹாலில் இருக்கும் செட்டை மூலையில் தள்ளிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த மூன்று பேரும் செட்டையா வாங்கினார்கள்? என் வாயை நம்பி வாங்கினார்கள். குற்றத்தை உரக்கச் சொல்கிறவன் என்றுதானே பேர்? இரண்டு நாள் போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன். மூன்றாம் நாள் கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் அடித்தேன். மூவரில் அவர்தான் எனக்கு ரொம்ப வேண்டியவர். போட்டோவைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள் என்று நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன்.

ஒளிக்காமல் சொன்னேன். செட் போலி, நான் ஏமாந்தேன், செய்தவனை நேரில் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

"ஏனுங்க பாய்," என்றார் அவர். "உங்க கூட்டாளி முந்தாநேத்தே கூப்பிட்டாருங்க. பாய்க்கு அந்த செட் மேல கண்ணு, போலி கீலின்னு எதையாச்சும் சொல்லி அமுக்கப் பாப்பாரு, கொடுத்துராதீங்கன்னாரு. நா அவரைத்தானுங்க திட்டினேன். எங்க பாய் அப்படிப்பட்ட ஆளில்லைன்னு சண்டைக்கே போயிட்டேன்."

"நான் சொல்றதைக் கேளுங்க..."

"வேணும்னா நேராக் கேட்டிருக்கலாமுங்க. உங்களுக்கில்லாததா?"

போனை வைத்துவிட்டார். மற்ற இரண்டு பேருக்கும் அடித்துப் பார்த்தேன். யாரும் எடுக்கவில்லை.