துரு பேண்ட் ரெஜி அண்ணனும் நான் போட்ட வீடியோவும்

ரெஜி அண்ணன் இன்று காலை போய்விட்டார். மூன்று வாரமாக ஐசியூவில் இருந்தார்.

தெரியாதவர்களுக்கு... ராயபுரத்தில் 'துரு' என்று ஒரு ராக் பேண்ட். முப்பது வருடத்துக்கு மேலாக வாசிக்கிறார்கள். அதில் பாடுகிறவர் ரெஜி அண்ணன். பகலில் ஹார்பரில் கப்பலின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு பழைய பெயின்ட்டையும் துருவையும் சுரண்டுகிற வேலை. பேண்டுக்குப் பேர் அப்படி வந்ததுதான்.

நான் அவர்களுடைய ஃபேன் பேஜின் அட்மின். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கிளார்க்.

பேஜில் இரண்டு வருடமாக ஒரே சண்டை. ரெஜி அண்ணன் இனிமேலும் லைவ் பாடலாமா, வேண்டாமா.

'கரைக்கு வராதே' பாட்டின் கடைசியில் குரல் மேலே ஏறி நிற்கிற ஒரு உச்சம் வரும். கேசட்டில் கேட்டவர்களுக்குத் தெரியும். இப்போதெல்லாம் அந்த இடம் வந்தால் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுவார். நாங்கள் பாடுவோம்.

அது ஸ்டைல் என்பான் வியாசர்பாடி பிரவீன். எந்த ஷோ என்றாலும் முதல் வரிசையில் நிற்கிறவன்.

அது ஏமாற்று வேலை என்பேன் நான். "டிக்கெட் எடுத்துகினு வந்து நான் இன்னாத்துக்குப் பாடணும்?" என்று கமென்ட் போட்டேன். லைக் குவிந்தது.

"மாமு, அந்தாளு மூச்சு வாங்குறது உனுக்குக் கேக்கலியா?" என்று பதில் போட்டான் பிரவீன். அதற்கு ஒரு சிரிப்பு எமோஜி வைத்தேன்.

இன்னொரு விஷயமும் ஓடியது. பேஸ் கிடார் கபூர் பாய், ரெஜி அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே தோஸ்து. எப்போதும் மேடையின் வலது ஓரத்தில் நிற்பவர், போன வருடம் கொஞ்சம் உள்ளே வந்தார். அடுத்த ஷோவில் இன்னும் கிட்டே. பிறகு ஒரு நாள் ரெஜி அண்ணனின் முதுகுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில்.

போட்டோக்களை வரிசையாகப் போட்டு, "புது ஸ்டேஜ் செட்டப்பா?" என்று நானே கேட்டேன். ஆளுக்கொரு தியரி சொன்னார்கள். கபூர் பாயிடம் யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த வீடியோவைப் போட்டேன். இடது பக்கம் கேசட் காலத்து உச்சம். வலது பக்கம், இப்போது மைக்கை நீட்டுகிற ரெஜி அண்ணன். கீழே ஒரு வரி... "இதுக்கு வூட்லயே கேசட் கேக்கலாம்."

மூன்றாம் நாள் மதியம் யார்டில் இருக்கும்போது போன் வந்தது. புது நம்பர்.

"தம்பி, ரெஜி பேசறேன். அந்த வீடியோ நீ போட்டதா?"

"ஆமாண்ணே... தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பு இன்னா கீது? என் பொண்ணுதான் காட்டுச்சு. அவ்ளோ மேல போய்கினு இருந்தேனான்னு எனக்கே டவுட்டாயிச்சு."

நடுவில் நிறுத்தினார். மெல்லிசாக ஒரு விசில் சத்தம் கேட்டது. லைனில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

"ஞாயித்துக்கெழம தண்டையார்பேட்ட ஷோவுக்கு வருவல்ல? முன்னால நில்லு. நானே பாடறேன்."

சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைக்க விரும்பவில்லை. அண்ணன் ப்ராமிஸ் பண்ணிவிட்டார் என்று உடனே பேஜில் போட்டேன்.

அன்று சாயங்காலமே பிரவீன் தனியாக மெசேஜ் அனுப்பினான். "வோணாம்னு சொல்லு மாமு. நீ சொன்னா கேப்பாரு. எனுக்கு பயமா கீது."

படித்தேன். பதில் போடவில்லை.

ஷோ ஒரு பழைய குடோனில், சாயங்காலம் ஐந்து மணிக்கு. தகரக் கூரை, உள்ளே அனல். மேடைக்கு வந்ததும் மைக் ஸ்டாண்டைப் பிடித்த ரெஜி அண்ணன் அதை விடவே இல்லை. பின்னால் கபூர் பாய்.

நாலாவது பாட்டு 'கரைக்கு வராதே'. உச்சத்துக்கு முன்னால் கூட்டத்தில் யாரையோ தேடினார். என்னைத்தான். பார்த்ததும் தலையை லேசாக ஆட்டினார்.

மைக்கை நீட்டவில்லை. பாடினார். அதே சுருதி. கேசட்டில் இருப்பதைவிட நீளமாக. என் பக்கத்தில் நின்ற பிரவீன் மேடையைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒன்ஸ் மோர்" என்று முதலில் கத்தியது நான்தான். கூட்டம் பிடித்துக்கொண்டது. அவர் சிரித்தார். உதடு ஒரு மாதிரி நீலமாகத் தெரிந்தது... மேடை லைட் என்று நினைத்தேன்.

இரண்டாம் முறையும் பாடினார். முழுசாக. முடித்துவிட்டுக் குனிந்தார். வணக்கம் சொல்கிறார் என்று கைதட்டினோம்.

நிமிரவில்லை.

நான் எடுத்த வீடியோவைப் பல தடவை பார்த்துவிட்டேன். இரண்டாம் முறை உச்சத்தில் நாலு செகண்ட் பேஸ் கேட்காது. கபூர் பாய் கிடாரை விட்டுவிட்டு, ரெஜி அண்ணனின் சட்டையை முதுகுப்பக்கம் கொத்தாகப் பிடித்திருக்கிறார்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் கபூர் பாயிடம் கேட்டேன். "முன்னாடியே தெரியுமா பாய்?"

"லங்ஸு ரெண்டும் காஞ்சு போச்சுன்னு டாக்டரு ஒரு வருசமா சொல்லிகினுதான் கீறாரு. ஒக்காந்துகினு பாடுடான்னேன். ஒக்காந்தா ஜனங்க இன்னா சொல்லும்னான்."

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். கேசட்டோடு ஒப்பிட்டு அந்த வீடியோவைப் போட்டது யார் என்று அவருக்குத் தெரியுமா... தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது இங்கே சொல்லிவிட்டேன்.

காலையிலிருந்து பேஜில் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். தண்டையார்பேட்டை ஷோ பெஸ்டா, பழைய ராயபுரம் ஷோ பெஸ்டா என்று. "அட்மின், ஃபுல் வீடியோ போடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர், "அங்க பேஸ் மிஸ்ஸாச்சு, பாய்க்கு வயசாயிடுச்சு" என்கிறார்.

பேஜில் கமென்ட்டை ஆஃப் செய்துவிட்டேன். வீடியோ வராது.

பிரவீனுக்குப் போன் செய்தேன். எடுத்தான். கொஞ்ச நேரம் லைனில் இருந்துவிட்டு வைத்துவிட்டான்.

நாளை மதியம் மூன்று மணிக்கு ராயபுரம் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். பாட்டு எதுவும் போட வேண்டாம் என்று அவர் மகள் கேட்டுக்கொண்டிருக்கிறார். வருகிறவர்கள் அமைதியாக வாருங்கள்.

இனி மூச்சுக்குத் தவிக்க வேண்டாம். போயிட்டு வாங்க ரெஜி அண்ணே.