யோகாம்பாளுக்கு உரு வந்த ஆடி வெள்ளி

புங்குடுதீவு இறுப்பிட்டியில் ஒரு பெண் வீதியில் நடக்கலாம். ஆனால் காரணம் கையில் தெரிய வேண்டும்: பூத்தட்டு, மண்ணெண்ணெய்க் கான், குறைந்தபட்சம் செத்தவீட்டுக்குப் போகிற முகம். வெறுங்கையை வீசிக்கொண்டு விறுவிறுவென்று நடக்கிறவளுக்கு ஊர் இரண்டு விளக்கம்தான் வைத்திருந்தது. ஒன்றில் மண்டை பிசகியிருக்க வேண்டும், இல்லையென்றால் புருஷன் அடித்திருக்க வேண்டும்.

ஐம்பத்தாறு வயது யோகாம்பாளுக்கு இரண்டும் நடக்கவில்லை. கிளினிக்கில் பெண் டொக்டர் நடக்கச் சொல்லியிருந்தார், அவ்வளவுதான். மாதவிலக்கு இருந்த காலம் முழுக்க உடம்பில் சுரந்த ஹோமோன் இரத்தக் குழாய்களுக்குக் காவல் நின்றதாம். இப்போது காவல்காரன் பென்சன் எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். பிரசரும் கொழுப்பும் ஏறிக் கிடக்கின்றன, குளிசை மாத்திரையை விடக்கூடாது, மூச்சு வாங்குமளவுக்குத் தினமும் நடக்க வேண்டும் என்றார். பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் படத்தில் வருவதுபோல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வராது, தாடை நோகலாம், முதுகு நோகலாம், வேர்த்துக் கொட்டலாம், வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரலாம் என்றும் எச்சரித்தார். யோகாம்பாள் ஒரு சொல் விடாமல் மனதில் வைத்துக்கொண்டாள். வீட்டில் வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை.

அவளுடைய கணவர் இரத்தினசபாபதி அம்மன் கோயில் பரிபாலன சபைத் தலைவர். போன வருடம் அவருக்கு வாய்வு நெஞ்சில் ஏறியபோது இரண்டு வான் பிடித்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு ஓடினார்கள். ஏப்பம் ஒன்று விட்டதும் சுகமாகித் திரும்பினார். மனைவி சப்பாத்துப் போட்டு நடந்த மூன்றாம் நாளே அவருக்கு மானம் போய்விட்டது. உடனே ஒரு வழியும் கண்டுபிடித்தார்.

"பூத்தட்டோடை கோயிலுக்குப் போம். நடந்த மாதிரியும் இருக்கும், கும்பிட்ட மாதிரியும் இருக்கும்."

கோயிலுக்குச் சப்பாத்து ஆகாது. பூத்தட்டோடு வேகமாக நடந்தால் பூ பறக்கும். துணைக்கு வந்த அவருடைய அக்கா இராசேஸ்வரி ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று, உள்ளே ஆளிருந்தால் அவர்களைப் பற்றியும், கனடாவுக்குப் போய்விட்டால் அவர்களைப் பற்றி இன்னும் விரிவாகவும் கதைத்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பாள். யோகாம்பாளின் இருதயத்துக்கு ஊர் கொடுத்த தேகப்பயிற்சி இதுதான்.

ஆடி வெள்ளியன்று விடியப்புறமே அவளுக்குத் தாடை நொந்தது. பிறகு முதுகு. மச்சாளிடம் சொன்னாள். அது மாதவிலக்கு நின்று போகிற காலத்துக் காந்தல், தனக்கும் வந்ததுதான், தான் என்ன செத்தா போனேன் என்று இராசேஸ்வரி ஒரு மல்லித்தண்ணியோடு வைத்தியத்தை முடித்துக்கொண்டாள். சபைத் தலைவரின் மனைவி ஆடி வெள்ளிக்கு வராமல் விட முடியுமா?

மத்தியானப் பூசையில் மணியும் மேளமும் உச்சத்துக்கு ஏறின. யோகாம்பாளுக்கு வேர்த்து வழிந்தது. கண் இருண்டு, உடம்பு முன்னும் பின்னும் ஆடி, கொண்டை அவிழ்ந்தது. இராசேஸ்வரி இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினாள். அம்மாள் வந்துவிட்டாள் என்று அவள் சொன்னதும் சனம் சுற்றி வளைத்தது. யாரோ தலையில் மஞ்சள் தண்ணி ஊற்றினார்கள், யாரோ கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் மகனுடைய விசா எப்போது சரிவரும் என்று விசாரித்தார்.

"நெஞ்சு நோகுது," என்றாள் யோகாம்பாள். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ."

"அம்மாளுக்கு நெஞ்சு நோகுதாம்," என்று இராசேஸ்வரி விளங்கப்படுத்தினாள். "திருவிழாவிலை ஏதோ குறை விட்டிட்டம்."

என்ன குறை என்று சபை அந்த இடத்திலேயே கூடி ஆராயத் தொடங்கியது. அம்புலன்ஸைக் கூப்பிடும்படி அவள் முனகியதும் சிலருக்குச் சந்தேகம் வந்தது. சிங்கத்தில் வருகிறவளுக்கு அம்புலன்ஸ் எதற்கு?

யோகாம்பாளுக்கு அப்போதுதான் தெளிந்தது. யோகாம்பாள் கேட்டால் தண்ணீர்கூட வராது, அம்மாள் கேட்டால் எதுவும் வரும். முப்பது வருடமாக 'இஞ்சாருங்கோ' என்று மட்டுமே கூப்பிட்ட மனிதரை நிமிர்ந்து பார்த்தாள். மிச்சமிருந்த மூச்சையெல்லாம் திரட்டினாள்.

"டேய் இரத்தினசபாபதி. வானை எடடா. என்னை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு ஏத்தடா."

தலைவர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் விழுந்து எழுந்தார். வான் வந்தது. ஆனால் அம்மாள் ஊர் எல்லையைத் தாண்டுகிறாள் அல்லவா? பாலத்தடியில் தேங்காய் உடைத்தார்கள். வேலணையில் கண்ட கோயிலெல்லாம் நிறுத்திக் கற்பூரம் கொளுத்தினார்கள். ஓடுங்கோ என்று அவள் கெஞ்சியதை ஒருவரும் காதில் எடுக்கவில்லை. மறுபடி 'டா' போடுகிற அளவுக்கு அவளிடம் மூச்சு இல்லை.

உயிர் தப்பியது. இருதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது, நேரத்தோடு கொண்டு வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம், இனி கிணற்றடிக்குப் போகவே மூச்சு வாங்கும் என்றார் அங்கிருந்த டொக்டர்.

மறுநாள் இரத்தினசபாபதி கட்டிலருகே நின்றார். பக்கத்தில் கதிரை கிடந்தும் அதில் உட்காரவில்லை. 'நீர்' என்று கூப்பிடுவதா 'தாயே' என்று கூப்பிடுவதா என்று தெரியாமல் தொண்டையைச் செருமினார்.

"கோயிலிலை என்னை 'டேய்' எண்டது ஆர்?"

"நான்தான்," என்றாள் யோகாம்பாள். "சாவுக்குப் பயந்து கத்தினனான். எனக்கு ஒரு அம்மாளும் வரேல்லை."

 அந்த 'டேய்' ஊர் முழுக்கக் கேட்டிருந்தது. சபையும் கேட்டிருந்தது. அவர் மெல்லத் திரும்பி, வாசலில் காத்து நின்ற இராசேஸ்வரியிடம் போனார்.

"அக்கா, அம்மாள் இன்னும் இறங்கேல்லை. வேப்பிலையைக் கொண்டு வாங்கோ."