கருவாட்டு மாடியும் சந்தன பத்தியும்

கையால் ஊதுபத்தி உருட்டுகிறவர்களுக்கு வானமும் பக்கத்து வீடும் ஒத்துழைக்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில் ஒத்துழைத்ததாக எனக்கு நினைவில்லை. வீட்டிலேயே எதையாவது செய்து, காய வைத்து விற்கும் சகோதரிகளே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

என் கணவர் சவுதியில் ஒப்பந்தம் முடிந்து கடலூர் முதுநகருக்கு வந்திருந்தார். அடுத்த விசாவுக்கு ஏஜென்ட் போன் போட்டுத் துளைத்துக்கொண்டிருந்தார். எனக்கோ இந்த முறை அவரை அனுப்ப மனசே இல்லை. பத்தி வியாபாரம் சூடுபிடித்தால் ஊரிலேயே இருந்துவிடுவார் என்று நம்பித்தான் பலகையை எடுத்து உட்கார்ந்தேன்.

பாக்கெட்டும் மூக்கும்

காடாம்புலியூர் பக்கம் ஒரு மரப்பட்டறையில் பலாமரத்தூள் வாங்கிச் சலித்து, சந்தனத்தூள், வெட்டிவேர்ப் பொடி, ஒட்டுவதற்கு மரப்பட்டைப் பொடி எல்லாம் சேர்த்து, சப்பாத்தி மாவு போலப் பிசைந்து மூங்கில் குச்சியில் உருட்டுவேன். சென்ட் ஒரு சொட்டுகூடக் கிடையாது. முதல் பாக்கெட்டுகளைச் சிதம்பரத்தில் ஒரு பூஜை சாமான் கடைக்கு எடுத்துப்போனேன்.

கடைக்காரர் பாக்கெட்டை மூக்கில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் வைத்தார். மோப்பம் பிடிக்கக் கண்ணாடி எதற்குத் தடையோ! மரத்தூள் பத்தி கொளுத்தினால்தான் மணக்கும் என்று நான் மூச்சு விடாமல் விளக்கியதில், போனால் போகிறதென்று வாங்கி வைத்தார்.

"எங்க கஸ்டமருங்க மூக்குல வச்சிப் பாத்துதாம்மா வாங்குவாங்க. இத வச்சிப் பாத்தா எனக்கே ஜலதோஷமோன்னு சந்தேகம் வருது."

அழையா விருந்தாளிகள்

இந்தப் பத்தியை வெயிலில் போட்டால் வெடித்துவிடும்; நிழலில், காற்றில் காய வேண்டும். அதனால் மாடியில் தகரக் கொட்டகைக்கு அடியில் தட்டுத் தட்டாகப் பரப்பினேன். ஒட்டினாற்போல இருக்கும் அடுத்த மாடியில் செல்வியக்கா நெத்திலி காய வைப்பார். மரத்தூள் பக்கத்தில் இருக்கும் வாசனையை அப்படியே இழுத்துக்கொள்ளும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. முதுநகர் மூக்குக்குக் கருவாடும் காற்றும் ஒன்றுதானே.

சிதம்பரத்திலிருந்து போன் வந்தது.

"ஏம்மா, உன் பத்திய வாங்கிட்டுப் போன அம்மா திருப்பிக் கொண்டாந்துட்டாங்க. ஏத்தி வச்சதுலேர்ந்து தெருப் பூனை எல்லாம் பூஜை ரூம்புலதான் ஒக்காந்திருக்காம்!"

செல்வியக்காவின் நியாயம்

அழுகையும் ஆத்திரமுமாக மாடி ஏறினேன். கொஞ்சம் தள்ளிக் காய வைக்கக் கூடாதா என்று கேட்டேன். எனக்காகவே காத்திருந்ததுபோல் செல்வியக்கா இடுப்பில் கை வைத்தார்.

"நானே ஒன்னாண்ட வரணும்னு இருந்தேன். என் நெத்திலியில சந்தன வாசன ஏறிப்போச்சுடி. கொழம்பு வச்சா சாமி கும்புடற மாதிரி இருக்குன்னு வாங்குனவுங்க திட்டுறாங்க!"

மறுகோடிப் பந்தல்

அதுவரை வேடிக்கை பார்த்த என் கணவர், கடற்காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, சவுக்குக் கழியும் பழைய கொசுவலையுமாக மாடியின் மறுகோடியில் பத்திக்கு ஒரு பந்தல் போட்டார். பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் உருட்டவும் உட்கார்ந்தார். அவர் உருட்டியது ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து, முருங்கைக்காய்க்கு உறவாக இருந்தது. அதையும் சேர்த்தே பாக்கெட் கட்டினேன்.

புதுப் பத்தியைச் சிதம்பரத்துக்கு எடுத்துப்போனேன்; ஒன்றைக் கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்தில் கொளுத்தி வைத்தார். அடுத்த வாரமே போன்.

"மணக்காத பத்தின்னே பேரு வச்சி கேக்குறாங்கம்மா. ஜாஸ்தியா கொண்டா. அந்தக் கோணப் பத்தியும் இருக்கட்டும், அதப் பாத்தாதான் கையால செஞ்சதுன்னு நம்புறாங்க."

தூறல்

ஒரு மத்தியானம் ஏஜென்ட் கூப்பிட்டார். விசா வந்துவிட்டது, இப்பவே பதில் வேண்டும் என்றார். மாவு பிசைந்துகொண்டிருந்த நான் காதைத் தீட்டிக்கொண்டேன். சரி என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். அந்த நேரம் பார்த்து வாசலில் சடசடவென்று தூறல்.

"மழ வருது பாய், மாடியில பத்தி கெடக்கு" என்று போனைக் கட்டில்மேல் எறிந்துவிட்டு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். தட்டுகளை இறக்கி முடித்தபோது தொப்பலாக நனைந்திருந்தார். "போறீங்களா மச்சான்?" என்று கேட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நான் போயிட்டா மழையில யாரு தட்ட எறக்குறது? நீ இப்பகூட செல்வியக்கா கருவாட்டத்தான் மொதல்ல எறக்குன."

அன்று ஒரு தட்டு பத்தி நனைந்து கூழாகிப் போனது. ஆனாலும் அந்த மழையை மட்டும் நான் இதுவரை திட்டியதில்லை.