அடுத்தவர் கட்டையில் கை வைக்காதே

எங்கள் மைன்ஸ் டவுன்ஷிப் பிளாக்கில் அத்தனை பெரிய ஹால் பூட்டிக் கிடக்கிறதே, மெர்லின் டீச்சர் மட்டும் ஏன் தன் குவார்ட்டர்ஸ் வாசலில் தகரக் கூரை போட்டு, பன்னிரண்டு பிள்ளைகளை இடித்துப் பிடித்து உட்கார வைத்துப் பியானோ வகுப்பு நடத்துகிறார் என்று புதிதாகக் குடிவருகிறவர்கள் கேட்கிறார்கள். என் வீடு எதிர்வீடு. அதனால் என்னிடம் வந்து கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது. கேட்டவர்கள் உட்கார்ந்துதான் கேட்டாக வேண்டும்.

மெர்லினுக்கு ஊர் மேல்பட்டாம்பாக்கம். சர்ச்சில் ஆர்கன் வாசித்துப் பழகிய கை. கணவர் பிராங்க்ளின் மைன்ஸில் பெர்மனென்ட், என் வீட்டுக்காரருக்கு அடுத்த செக்‌ஷன். மெர்லின் ஆள் குள்ளம், மழை நாளில் குடைதான் தனியாக நடந்து வருகிறதோ என்று தோன்றும். ஆனால் குரல் இருக்கிறதே, இரண்டு தெரு தள்ளிக் கேட்கும். முன்பு ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் மியூசிக் டீச்சராக இருந்தாராம். ஆண்டுவிழா டான்ஸுக்குப் பாட்டுப் போட்டுவிடுவதுதான் வேலை என்று ஆனதும், "இதுக்கு ஒரு ஸ்பீக்கர் போதும், நான் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

அப்புறம் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் ஹாலில், சனி ஞாயிறு சாயங்காலம், சின்னப் பிள்ளைகளுக்குப் பியானோ வகுப்பு என்று பலகை மாட்டினார். என் மகன் நிலவனுக்கு அப்போது எட்டு வயது. வீட்டில் ஒரு இடத்தில் உட்கார மாட்டான். பியானோவிலாவது உட்காரட்டும் என்று கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே பார்த்தால் பியானோவைக் காணோம். பெஞ்சுகள் மேல் நாலு கீபோர்டு.

"என்ன டீச்சர், பியானோன்னு போர்டு போட்டிருக்கீங்க, உள்ள கீபோர்டுதான இருக்கு?"

"பியானோவ இந்தக் கதவு வழியா உள்ள கொண்டாந்து காட்டுங்க, வெச்சுக்கறேன்" என்றார். சிரிக்கவும் இல்லை.

சரி, கீபோர்டையாவது தொடவிட்டாரா? ஒரு மாதம் பூராவும் பிள்ளைகளை ஹாலைச் சுற்றி நடக்கவிட்டார். கை தட்டிக்கொண்டே நடப்பது, தட்டாமல் நடப்பது, சட்டென்று நிற்பது, நின்றபடியே மனசுக்குள் எண்ணுவது, மறுபடி ஒரே நேரத்தில் காலெடுத்து வைப்பது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பையனுக்கு நடக்கத் தெரியும் என்று நேராகவே சொன்னேன்.

"நடக்கறது எல்லாருக்கும் வரும். தாளத்தோட நிக்கச் சொல்லுங்க பாப்போம். அதுதாங்க வராது" என்றார்.

கீபோர்டுக்கு வந்த பிறகும் அந்த அம்மாள் வழியே தனி. ஒரு கீபோர்டுக்கு மூன்று பேர். ஒருவன் வாசித்தால் ஒருத்தி தட்டுவாள், மூன்றாமவன் பாடுவான். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். சும்மா வேடிக்கை பார்க்கிற பிள்ளை என்று ஒன்று அந்த ஹாலிலேயே கிடையாது. வீட்டுப்பாடம் வேறு விசித்திரமாக இருக்கும். குக்கர் விசில் கீபோர்டில் எந்தக் கட்டையில் இருக்கிறது என்று கண்டுபிடித்து வா, பண்ருட்டி பஸ் ஹாரன் எந்தக் கட்டையில் இருக்கிறது என்று கண்டுபிடித்து வா. வீட்டில் இருந்த பொம்மைக் கீபோர்டை அடுப்படிக்குத் தூக்கி வந்து, "அம்மா, இன்னொரு விசில் விடு" என்று நிலவன் நச்சரித்ததில் இரண்டு நாள் சோறு குழைந்துபோனது. ஆனால் கண்டுபிடித்துவிட்டான். எனக்கே கேட்டது, அதே சத்தம்தான். அன்றோடு டீச்சரைத் திட்டுவதைப் பாதியாகக் குறைத்தேன்.

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். பிள்ளைகள் சேர்ந்து வாசிக்கிற பாட்டில் ஆளுக்கு ஒன்றிரண்டு கட்டைகள்தான். பாட்டு ஒரு கீபோர்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிப் போகும். எங்கள் ஊரில் அப்பாக்கள் ஷிப்ட் மாறினால் பிள்ளையைக் கூட்டி வர ஆள் இருக்காது. வாரம் ஒருவராவது வராமல் போவார்கள். வராத பிள்ளையின் கட்டையைப் பக்கத்துப் பிள்ளை அமுக்கக் கூடாது. அந்த இடம் வரும்போது எல்லோரும் கையை எடுத்துவிட்டு, மனசுக்குள் எண்ணி, அடுத்ததற்குப் போக வேண்டும். அடுத்தவர் கட்டையில் கை வைக்காதே. இதுதான் வகுப்பின் முதல் சட்டம், கடைசிச் சட்டம்.

"பக்கத்துல இருக்கறவன் அமுக்கினா என்ன டீச்சர்? கேக்க நல்லா இருக்கும்ல?" என்று கேட்டேன்.

"அமுக்கிட்டா, அவங்க வரலன்னே யாருக்கும் தெரியாதுங்க" என்றார். எனக்கு அப்போது அது மண்டையில் ஏறவில்லை.

பன்னிரண்டு பேரில் ஒருத்தி வெண்மதி. டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்து கிராமத்திலிருந்து வருகிறவள். அவள் அம்மா பெரியநாயகி டவுன்ஷிப்பில் தோட்ட வேலை, கான்ட்ராக்ட். பலகையைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தி, நேராக உள்ளே வந்து, "எம் பொண்ணயும் சேத்துக்குவீங்களா?" என்று கேட்டிருக்கிறார். எந்த பிளாக், வீட்டுக்காரர் பெர்மனென்டா கான்ட்ராக்டா என்றெல்லாம் மெர்லின் கேட்கவில்லை. பிள்ளைக்கு எட்டு வயது ஆகிவிட்டதா என்று மட்டும் கேட்டார். வெண்மதி அதிகம் பேச மாட்டாள். ஆனால் நிற்கச் சொன்னால் அவளைப் போலத் தாளத்தோடு நிற்க ஒருவராலும் முடியாது. அதனால் சங்க ஆண்டுவிழாவுக்கென்று மெர்லின் கட்டிய பாட்டில் ‘ச’ ஸ்வரத்தின் கட்டை அவளுக்கு வந்தது. குக்கர் விசில், பால்காரர் மணி, பஸ் ஹாரன் என்று பிள்ளைகள் கண்டுபிடித்த சத்தங்களை எல்லாம் கோத்துச் செய்த பாட்டு அது. ஒவ்வொரு வரியும் எங்கெங்கோ சுற்றிவிட்டு அந்த ‘ச’வில் வந்துதான் உட்காரும். மூன்றாவது கீபோர்டு, என் மகனுக்குப் பக்கத்து இடம்.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது சங்கச் செயலாளர் அறிவழகன் வகுப்புக்கு வந்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். ஹால் சாவி கைக்கு வந்த நாளிலிருந்து நடையே மாறிப்போன மனுஷர், அவ்வளவுதான்.

"மேடம், வெளி ஆளுங்க பிள்ளைங்கள மேடை ஏத்தாதீங்க. மெம்பர்ஸ் கேக்கறாங்க."

"எங்க கிளாஸ்ல வெளி ஆளு யாரும் இல்லையே சார்."

"அந்த வடக்குத்துப் பொண்ணு?"

"அவ மூணாவது கீபோர்டு."

அவர் முகம் கறுத்துவிட்டது. "ஒரு ஆள்தானே மேடம்? பதினோரு பேர் வாசிக்கட்டும். ஷிப்ட்ல ஒருத்தன் வரலன்னா மெஷின நிறுத்திடறமா? பக்கத்துல இருக்கறவன் பாத்துக்கறான்ல? ஏத்தியே தீருவேன்னா அப்புறம் ஹால் சாவிய மறந்துடுங்க."

"சாவி உங்களுது சார். வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு மெர்லின் பிள்ளைகளிடம் திரும்பிக்கொண்டார்.

நானும் போய் நல்ல வார்த்தை சொல்லிப் பார்த்தேன். ஹால் போனால் பன்னிரண்டு பிள்ளைகளுக்குமே வகுப்பு இல்லை. ஒரு நாள்தானே, விட்டுக்கொடுத்துப் போங்களேன் என்றேன். மெர்லின் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யார விட்டுக்கொடுக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க. நிலவன விட்டுரட்டுமா?" என்றார். சுருக்கென்றது. என்ன திமிர் என்று கறுவிக்கொண்டே வீடு வந்தேன்.

விழா நாள் வந்தது. பெரியநாயகி அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். வெண்மதி புதுப் பாவாடை, இரண்டு பக்கமும் மல்லி. பிள்ளைகள் வரிசையாக மேடைப் படி ஏறினார்கள். வெண்மதி முறை வந்ததும் அறிவழகன் குறுக்கே கையை நீட்டினார். "நீ கீழ உக்காரு பாப்பா."

பெரியநாயகி எழுந்துவிட்டார். "ஏங்க, எம் பொண்ணு வூட்ல சோறு துன்னும்போது கூட தட்டுல தாளம் போட்டுகினு இருக்கா. இப்ப வந்து கீழ உக்காருன்னா எப்பிடிங்க?"

"அடுத்த வருஷம் பாக்கலாம்மா" என்றார் அவர், பக்கத்தில் யாரையோ பார்த்துக்கொண்டு.

மெர்லின் மேடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு அந்தக் குரலில் கூரை பறக்கப் போகிறது என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. மூன்றாவது கீபோர்டின் முன்னால் வெண்மதியின் நாற்காலியைச் சரியாக இழுத்துப் போட்டார். மைக் பக்கம் வந்து பிள்ளைகளிடம், "கிளாஸ்ல எப்படியோ இங்கயும் அப்படித்தான். அடுத்தவங்க கட்டையில கை வைக்கக்கூடாது" என்றார். கையை உயர்த்தினார்.

பாட்டு தொடங்கியது. விசில் வந்தது, மணி வந்தது, ஹாரன் வந்தது. வரி சுற்றிச் சுற்றி இறங்கி, இதோ உட்காரப் போகிறது என்னும்போது ஒன்றுமே இல்லை. பதினோரு பிள்ளைகளும் கையை எடுத்துவிட்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு எண்ணினார்கள். படி இருக்கிறது என்று காலை வைத்து, இல்லாமல் தடுக்கினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எங்களுக்கு. மைக்செட்காரர் பதறிப்போய் ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினார்.

இரண்டாவது வரியும் அப்படியே நின்றது. முன்வரிசையில் நெளிய ஆரம்பித்துவிட்டார்கள். அறிவழகன் மேடை ஓரமாகவே நடந்து வந்து என் மகனிடம் குனிந்தார். அங்கே மைக் இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"தம்பி, பக்கத்துலதான இருக்கு? நீயே அமுக்கிடேன்."

நிலவன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும். லிப்டில் அடுத்தவர் பட்டனைக் கூட அமுக்காமல் விட மாட்டான். அந்தக் கட்டைக்கும் அவன் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் கூட இல்லை. அமுக்கியே விடுவான் என்றுதான் நினைத்தேன்.

"அது என்னுது இல்ல அங்கிள். வெண்மதி இன்னும் வரல."

ஹால் முழுக்கக் கேட்டது. டீச்சர் முன்பு சொன்னது என் மண்டையில் ஏறியது அந்த நிமிஷத்தில்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். துடைத்ததை யார் பார்த்தால் எனக்கென்ன?

மூன்றாவது வரி நின்ற இடத்தில், கீழே உட்கார்ந்திருந்தவர்களே தங்களை அறியாமல் "ம்ம்" என்று அந்தச் சத்தத்தை முனகிவிட்டார்கள். கடைசி வரியும் அந்தரத்தில் நின்றது. யாரும் கை தட்டவில்லை, முடிந்தால்தானே தட்டுவது? பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. மெர்லின் உயர்த்திய கையை இறக்கவும் இல்லை. காலி நாற்காலியை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சார், அந்தப் பாப்பாவ விடுங்க சார்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். யாரோ என்ன, நான்தான் சொன்னேன். அப்புறம் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள்.

அறிவழகனுக்கு எப்படியாவது இது முடிந்தால் போதும் என்றாகிவிட்டது. "சரி, போம்மா. அந்தக் கடைசி ஒன்ன மட்டும் அமுக்கிட்டு எறங்கிடு" என்றார்.

வெண்மதி படி ஏறினாள். தன் நாற்காலியில் உட்கார்ந்தாள், பாவாடையைச் சரிசெய்தாள், கட்டையைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கடைசிய மட்டும் வாசிக்க மாட்டேங்க" என்றாள். "மொதல்லேருந்து வாசிக்கணும்."

அறிவழகன் மெர்லினைப் பார்த்தார். சாவிக்கொத்து அவர் கையில்தான் இருந்தது. ஹால் போய்விடும் என்று மெர்லினுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். மெர்லின் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"மொதல்லேருந்து" என்றார். பன்னிரண்டு பேரும் வாசித்தார்கள்.